இருபத்தேழாம் எண்

கூடுகை தொடங்க இருபத்தாறு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணி. மாத்தூரில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் விளக்கைப் போட்டேன். மேசைமேல் முந்தின நாள் வந்த பதினான்கு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண் மட்டும். எந்தக் கிணறு, யார் வீடு என்பதெல்லாம் தனி நோட்டில் இருக்கும். சோதிப்பவருக்கு அது தெரியக் கூடாது.

நான் பாட்டில்களைத் தொடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, சௌக்கத் பாயிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

நாளை பன்னிரண்டு பள்ளி மாணவர்கள் கவிதை வாசிக்க வேண்டும். அதில் இருபத்தேழாம் எண் மாணவர் அல்ல. அது நான். எனக்கு இருபத்திரண்டு வயது. வேதியியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இது வேறு யாருக்கும் தெரியாது.

போன் போட்டேன்.

"இன்னாம்மா மகி, காலங்காத்தால?" பின்னால் கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

"பாய், அந்த இருபத்தேழு..."

"கிரேன் கவிததானே? நேத்து என் சம்சாரத்துக்குப் படிச்சிக் காட்னேன்மா. அவுங்க அப்பா நெனப்பு வந்து அழுதுட்டா. பேரு சொல்லிடாத. நாளைக்கி மேடையில அந்தப் புள்ள வாயாலதான் கேக்கணும். வெச்சிடட்டா? கடைக்கு ஆளு வந்துகினு கீது."

வைத்துவிட்டார்.

நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பார்த்தே இராத ஒரு பெண்மணி அழுதார் என்பது மட்டும் மனதில் நின்றது. அதை வைத்துக்கொண்டு பதினொரு மணிவரை வேலை பார்த்தேன்.

சௌக்கத் அலி பாய்க்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் லுங்கி மொத்தக் கடை. கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசகர் வட்டம் நடக்கும். அதில் நான் ஓரமாக உட்கார்ந்து கேட்பவள். பேசச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும். அதனால் பட்டியல் எழுதுவது, நாற்காலி எண்ணுவது, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது எல்லாம் என் வேலை. போன வருஷம் பாயும், பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் நவ்ரீன் மிஸ்ஸும் சேர்ந்து மாணவர்களுக்காக இருமொழிக் கவிதைக் கூடுகையைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை யாரும் எழுதலாம். ஒரே கவிதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர்களே எழுத வேண்டும். தமிழுக்குப் பாய் மதிப்பெண் போடுவார், ஆங்கிலத்துக்கு மிஸ். தாளில் பெயர் இருக்காது. எண் மட்டும்.

மேடையிலும் அப்படித்தான். இடது ஓரத்தில் தமிழ் மைக், வலது ஓரத்தில் ஆங்கில மைக். நடுவில் ஏழு தப்படி. முதல் மைக்கில் வாசித்துவிட்டு நடந்து போய் மற்றதில் வாசிக்க வேண்டும். அந்த ஏழு தப்படி நடக்கும்போது யாரும் கைதட்டக் கூடாது. இரண்டும் முடிந்தபின் மேடையின் நடுவுக்கு வந்து, மைக் இல்லாமல், தன் பெயரையும் பள்ளியையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் கைதட்டல்.

"மொதல்ல பேரக் கேட்டா, எந்த ஏரியான்னு கேப்பான். ஏரியாவச் சொன்னா, ஓ அங்கயான்னு இழுப்பான்" என்பார் பாய். "கவிதயக் கேளுங்கடா மொதல்ல."

எண் போடுகிற நோட்டு என்னிடம் இருந்தது. அதில்தான் நான் தப்புச் செய்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதத்தில் ஒருநாள், மதிப்பு ஏற்கெனவே தெரிந்த ஒரு தண்ணீரை மற்ற பாட்டில்களோடு ஓர் எண் ஒட்டி வைத்துவிடுவார்கள். செக் சாம்பிள் என்போம். சோதிப்பவர் சரியாகச் செய்கிறாரா என்று அதில் தெரிந்துவிடும். கவிதைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு நடுவர்களும் ஒரே அளவில்தான் அளக்கிறார்களா என்று பார்க்கலாமே. இருபத்தாறுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் என்னுடையதைச் செருகினேன். பதினொன்றாம் வகுப்பில் எழுதி யாரிடமும் காட்டாத கவிதை. எழுதியபோது நான் பள்ளி மாணவிதான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

செக் சாம்பிளுக்கு மதிப்பு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் கவிதையின் மதிப்பு எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. முதலாண்டு மாணவிக்குக்கூட இது தெரியும்.

முடிவு வருவதற்குள் தாளை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடையிலேயே உட்கார்ந்து மதிப்பெண்களைக் கூட்டி, பன்னிரண்டு எண்களையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நாற்பத்தொன்று வாங்கி இருபத்தேழு பன்னிரண்டாவதாக இருந்தது. நாற்பது வாங்கிய முப்பத்தைந்தாம் எண் பதின்மூன்றாவது. அதன் பக்கத்தில் 'காத்திருப்பு' என்று எழுதியிருந்தது.

முப்பத்தைந்தாம் எண் யார் என்று எனக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம், அனல்மின் நிலையத்துச் சுடுநீர் கலக்கும் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வரும் பெண். பெயர் வேம்பு, பதினொன்றாம் வகுப்பு. அவள் கவிதையை எண் போடும்போதே படித்திருந்தேன்.

எங்கம்மா முகத்துவாரத்தில் கால் வைப்பாள்.
சூடு என்பாள்.
அன்றைக்கு எறா இல்லை.
குளுமை என்பாள்.
அன்றைக்குச் சோறு.

இன்னும் எட்டு வரி உண்டு. தண்ணீரின் சூட்டை அளக்க எங்கள் கூடத்தில் ஒரு கருவி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அதை வெளியே அனுப்பிச் சரிபார்த்து வாங்குகிறோம். இந்தக் காலுக்கு அது தேவையில்லை என்று அப்போது நினைத்தேன். பாய் அதற்கு இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு போட்டிருந்தார். ஆங்கிலத்தில் மிஸ் பதினாறு. மொத்தத்தில் என்னைவிட ஒன்று குறைவு.

மதியம் வேம்புவே போன் செய்தாள்.

"அக்கா, காத்திருப்புன்னா நானும் வரணுமாக்கா?"

"வரணும் வேம்பு. யாராவது கவிதையைக் காப்பி அடிச்சிருந்தாலோ, ஸ்கூல் படிக்காதவங்களா இருந்தாலோ, அவங்க இடம் உனக்கு வரும்."

"வராதவுங்க எடம்?"

"அது வராது."

இதுவும் பாயின் விதி. போன வருஷம் எண்ணூரிலிருந்து கிளம்பிய ஒரு பெண் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். அவள் வந்து சேர்ந்தபோது அவள் இடத்தில் வேறொருவன் வாசித்து முடித்திருந்தான். கையில் தாளோடு வாசலில் நின்று அழுதாள். இந்த ஊரில் லாரியால் தாமதமானவரைத் தண்டிக்கக் கூடாது என்று பாய் அன்றே சொல்லிவிட்டார். வராதவர் இடம் காலியாகவே இருக்கும். கடைசியில் இன்னொரு முறை அந்த எண்ணைக் கூப்பிடுவார்கள். அப்போதும் வராவிட்டால் கூடுகை முடிந்தது.

அதாவது, இருபத்தேழு சும்மா வராமல் இருந்துவிட்டால் வேம்புவுக்கு எதுவும் கிடைக்காது. நான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

"சரிக்கா, வரேன். அம்மாவும் வருது. லீவு போட்ருச்சு."

"காத்திருப்புன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்க்கா. அது காதுல வாங்கல."

மாலையில் டோல்கேட் பக்கத்து மண்டபத்துக்குப் போனேன். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபக்காரர் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். நவ்ரீன் மிஸ் மேசைகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா மகிழினி? பன்னிரண்டு பேருக்கும்?"

"பன்னிரண்டு பேருக்கும் தெரியும், மிஸ்."

பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

"மிஸ், ஒரு விஷயம்..."

"சொல்லு."

அவர் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "தமிழ் மைக் இடது பக்கம்தானே?" என்றேன்.

"போன வருஷமும் அங்கதானே இருந்துச்சு."

"ஆமாம் மிஸ்."

இராயபுரத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. மொட்டைமாடிக்குப் போனால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அதில் ஒன்றில் நூறு அடி உயரத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் அவர் வேலை நேரத்தில் நான் அங்கிருந்து வெள்ளைத் துண்டை ஆட்டுவேன். சாயங்காலம் வந்து, பார்த்தேன் என்பார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. என் கவிதை அதைப் பற்றித்தான்.

அன்று அப்பா பகல் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாளிக்கு ஞாயித்துக்கெழம. எங்க கிளம்புற?"

"கவிதைக் கூட்டம்பா."

"நீயா படிக்கப் போற?"

"இல்லப்பா. நான் லிஸ்ட் வச்சிருப்பேன்."

"அதுதான் பெரிய வேல. ஹார்பர்ல லிஸ்ட்டு வெச்சிருக்கறவன் டிக் போடலன்னா கப்பலு நகராது." ரசத்தை ஊற்றிக்கொண்டார். "அவன் தப்பா டிக் போட்டான்னு வை, பொட்டி சிங்கப்பூர் போகவேண்டியது கொழும்புல கெடக்கும். யாரோ ஒருத்தன் அதுக்காகக் காத்துகினு கெடப்பான்."

என் தட்டுச் சோற்றைப் பிசைந்தேன். மோர் ஊற்றி விழுங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. பெற்றோர்கள், சீருடையில் பிள்ளைகள், தம்பி தங்கைகள். நான் வாசலில் பட்டியலோடு நின்றேன். எண்ணைச் சொன்னால் டிக் போட்டு உள்ளே அனுப்புவேன். பத்து மணிக்குப் பதினொரு டிக் விழுந்திருந்தது.

வேம்பு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒல்லி, உயரம், எண்ணெய் வைத்த இரட்டைச் சடை. பின்னால் அவள் அம்மா சொக்கம்மாள், கசங்காத பட்டுப்புடவையில்.

"முப்பத்தஞ்சு" என்றாள் வேம்பு.

"இன்னா பாப்பா, எங்க பொண்ணு எப்போ ஏறும் மேடைல?" என்றார் சொக்கம்மாள்.

"அம்மா, வேம்பு காத்திருப்பு எண்..."

"காத்துகினுதானே கீறோம். விடியக்காலம் எய்ந்து குளிச்சது."

"யம்மா, அது இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு சொன்னேன்ல."

"ரயிலு டிக்கெட்டு மாரியா?" சொக்கம்மாள் என்னைப் பார்த்தார். "அப்போ டி.டி.ஆரு கைல சொன்னா சீட்டு போட்டுக் குடுப்பாருல்ல? யாரு இங்க டி.டி.ஆரு? நீதான? கைல லிஸ்ட்டு வெச்சிகினு கீறியே."

"யம்மா, கம்முனு வா."

"கேட்டா தப்பா? இன்னா எய்தினேன்னு கேட்டா சொல்ல மாட்டுது பாப்பா. மேடைல கேட்டுக்கோன்னுது. அதுக்குத்தான் வந்தேன்."

அந்தக் கவிதை தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. இருவரும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள்.

பத்தேகாலுக்குப் பாய் தொடங்கினார். வெள்ளைச் சட்டை, அவர் கடை லுங்கி. "பிரைட்டா வந்துருக்கீங்க எல்லாரும். நல்லது. நடுவுல கை தட்டினா வெளிய அனுப்பிடுவேன். மூணாம் நம்பர், வா நைனா."

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு பையன் தமிழில் தைரியமாக வாசித்துவிட்டு ஆங்கில மைக்கை நெருங்கும்போது நடையே மாறினான். ஒரு பெண்ணுக்கு அது நேர்மாறாக இருந்தது. நடுவில் யாரும் கைதட்டவில்லை. அந்த ஏழு தப்படி நேரமும் ரோட்டில் போகும் லாரியின் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு நடுவில் வந்து நின்று பெயர் சொல்வார்கள். சிலர் கத்திச் சொன்னார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த சித்தார்த் தன் பள்ளிப் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்து, சிரித்துவிட்டு, மறுபடி சொன்னான். கூடமே சிரித்தது, அவனோடு சேர்ந்து.

"இருபத்தேழு" என்றார் பாய்.

யாரும் எழவில்லை.

"இருபத்தேழு? கிரேன் புள்ள?"

நவ்ரீன் மிஸ் முதல் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்து, காதருகே கையை வைத்துக் காட்டினார். போன் போடு.

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். என் எண்ணுக்கு நான் எப்படிப் போன் போடுவது? வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்தால் பேசுவது போலத் தெரியட்டும் என்று. இவ்வளவு கேவலமாக நான் அதுவரை எதுவும் செய்ததில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். வேம்பு.

"அக்கா, வந்துடுவாங்களா?"

"தெரியல."

"வரட்டும்க்கா." அவள் படியில் உட்கார்ந்தாள். கையில் இருந்த தாள் நான்காக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "மொதல்ல வராம போனா நல்லாருக்குமேன்னு நெனச்சேன். உண்மையச் சொல்றேன். அப்புறம் பாத்தா, வரலன்னாலும் எனக்கு எடமில்ல. அப்போ அவுங்களாச்சும் வந்து படிக்கட்டுமே. வேஸ்ட்டா எதுக்குப் போவணும்?"

காதிலிருந்த போனை இறக்கினேன்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. பஸ்ல வர்றப்போ பக்கத்து சீட்டு அம்மாகிட்டலாம் சொல்லிகினு வந்துச்சு, எங்க பொண்ணு இங்கிலீஷ்லயும் படிக்கப் போவுதுன்னு." சிரித்தாள். "என் இங்கிலீஷு கொஞ்சம் பேஜாருக்கா. பதினாறுதான் போட்ருக்காங்க. நாலு நாளா வூட்டு மாடில நின்னு படிச்சிப் பாத்தேன். இப்போ நல்லா வருது."

"வீட்டில வாசிச்சுக் காட்டலாமே" என்றேன். சொன்னவுடனே வெட்கமாக இருந்தது.

"வூட்ல எதுக்குக்கா? வூட்ல அது அம்மா. மேடைல சொன்னாதான் நான் அதைப் பத்தி எய்தி இருக்கேன்னு அதுக்குத் தெரியும்."

உள்ளே பாயின் குரல் கேட்டது. "லாரில மாட்டிகினு இருக்கும். எடம் அப்டியே இருக்கட்டும். அடுத்து முப்பத்தொண்ணு."

நாங்கள் உள்ளே போனோம். வேம்பு தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் சுவரோரமாக நின்றேன். அதற்குப் பின் நான்கு பேர் வாசித்தார்கள். அவர்கள் வாசித்தது எதுவும் எனக்கு நினைவில்லை. என் நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பதினாறு. எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம், அதைச் செய்தால் கொஞ்சம் நிதானம் வரும். அன்று வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். பாய் என்னை வட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். மிஸ் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், அது இன்னும் மோசம். பிள்ளைகள் நடுவில் புகுந்து இடம் பிடித்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியான சொல்லாகத்தான் இருக்கும். இதெல்லாம் ஒரு தட்டு. இன்னொரு தட்டில் நான்காக மடித்த ஒரு தாள்.

கடைசி மாணவி பெயர் சொல்லி இறங்கினாள். கைதட்டல் ஓய்ந்தது. சிலர் பையை எடுக்கத் தொடங்கினார்கள்.

"இருங்க, இருங்க" என்றார் பாய். "ஒரு எடம் பாக்கி கீது. கடைசியா ஒருவாட்டி கூப்புடறேன். இருபத்தேழு."

கூடம் வாசலைத் திரும்பிப் பார்த்தது.

"இருபத்தேழு."

சொக்கம்மாள் வேம்புவின் காதில் ஏதோ கேட்டார். வேம்பு தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன் நாற்காலியின் கம்பியில் காலை வைத்திருந்தார். குதிகால் வெடித்த, விரல்கள் அகன்ற கால். சிமெண்ட் தரையில் நனைந்த மாதிரி ஒரு தடம், வியர்வையாக இருக்கும். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பட்டியலை நாற்காலிமேல் வைத்துவிட்டு நடந்தேன்.

மேடைக்கு மூன்று படி. ஏறினேன்.

"மைக்கு சரியாத்தான் கீதும்மா" என்றார் பாய் மெதுவாக, நான் ஒயரைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்து.

நான் இடது மைக்குக்குப் போகவில்லை. வலதுக்கும் போகவில்லை. எதையும் வாசிக்காமல், பெயர் சொல்கிற இடத்துக்குப் போய் நின்றேன். இரண்டு பக்கமும் மூன்றரைத் தப்படி. என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, துப்பட்டா ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். நவ்ரீன் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். எங்கோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. தொண்டை அடைத்தது. அது எப்போதும் அடைப்பதுதான் என்று எனக்குத் தெரியும், எச்சில் விழுங்கினால் ஒரு வாக்கியம் பேசும் அளவுக்குத் திறக்கும் என்பதும் தெரியும்.

கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதற்கு முந்தின வரிசைக்கு முக்கியமாக.

"இருபத்தேழு நான்தான்" என்றேன். "என் பேர் மகிழினி. நான் எந்த ஸ்கூல்லயும் படிக்கல."